பராமரிப்பாளரோடு சண்டை பிடிக்கலாமா? – கேள்வி பதில்

எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளில் கைவைக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் கூடிக்கொண்டு வருகிறார்கள். கூடவே, அந்த மென்பொருளைப் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களோடு முட்டுப்பட்ட கதைகளும் வருகின்றன. அதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கொக்குவிலிலிருந்து ஒரு மாணவர்: அண்ணை, பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோட்டுக்கு மாற்றுகிற ஒரு கருவியில் பிழை இருக்கிறது. "வேலை செய்யவில்லை, உடனே திருத்தவும்" என்று கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) இஷ்யூ (பிழை முறைப்பாடு) போட்டேன். பதிலே இல்லை. இன்னும் கொஞ்சம் காரமாக எழுதட்டுமா?

காரம் வேண்டாம் தம்பி, விவரத்தைப் போடுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தவுடன் பிழை விளங்கிவிட்டது. ஆனால் நீங்கள் இஷ்யூவில் எழுதிய வரியை மட்டும் பார்த்திருந்தால் எனக்கும் ஒன்றும் விளங்கியிராது. பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தையும் அரவையும் அடிக்கிறோம். யூனிகோட்டில் எழுத்துத்தான் முதலில் நிற்க வேண்டும். அந்த இடமாற்றத்தை உங்கள் கருவி ஓரிடத்தில் தவறவிடுகிறது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "நான் பாவிக்கும் பதிப்பு இது, உலாவி இது. பாமினிக் கோப்பை இணைத்திருக்கிறேன். வர வேண்டியது: கொக்குவில். வருவது: ெகாக்குவில். ஒற்றைக் கொம்பு வரும் கெ, கொ இரண்டிலும் பிழை. இரட்டைக் கொம்பு வரும் கே, கோ சரியாக வருகின்றன." அவ்வளவுதான். இதைப் படிக்கிறவர் எந்த வரிக்குப் போக வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவர் பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு இரவில்தான் இதைத் திறக்கிறார் என்று வையுங்கள். அவருடைய அரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்துவதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால், ஒரு மாதம் கழித்து "மேலதிகமாக ஏதும் சோதித்துத் தரவா?" என்று ஒருமுறை கேளுங்கள். அல்லது நீங்களே திருத்தி அனுப்புங்கள். இந்தப் பிழைக்கு ஒரு வரி மாற்றம் போதும் போலத்தான் இருக்கிறது.

நல்லூரிலிருந்து, மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்பவர்: வாடிக்கையாளர் நெருக்குகிறார் என்பதால் நாங்கள் பாவிக்கும் ஒரு நிரல் நூலகத்தின் (லைப்ரரி) பராமரிப்பாளருக்கு "மிக அவசரம்" என்று எழுதினோம். இஷ்யூவையே மூடிவிட்டார். இது நியாயமா?

நியாயம்தான். அவசரம் உங்களுடையது, அவருடையதல்ல. பல திறந்த மூல மென்பொருள்கள் வெளிவரும் எம்ஐடி உரிமத்தின் கடைசிப் பந்தியை ஒருமுறை வாசியுங்கள். பெரிய எழுத்தில், மென்பொருள் உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை என்று போட்டிருக்கிறது. ஜிபிஎல் என்ற இன்னொரு உரிமத்திலும் அதே கதைதான். அந்த நிபந்தனையோடுதான் அது உங்கள் கைக்கு வந்தது.

பெரிய இடங்களும் இதைச் செய்கின்றன. 2024 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் ஊழியர் ஒருவர், டீம்ஸ் செயலியில் வந்த சிக்கலுக்காக எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி, ஒலி மென்பொருள் திட்டத்தில் "உயர் முன்னுரிமை" என்று குறித்து உதவி கேட்டார். அந்தத் திட்டத்தினர் அதைப் பகிரங்கப்படுத்தினார்கள். அவர்கள் எதிர்பார்த்தது நீண்டகாலப் பராமரிப்பு ஒப்பந்தம். நிறுவனம் ஒருமுறை மட்டும் சில ஆயிரம் டொலர் தர முன்வந்தது என்று அவர்களே எழுதினார்கள். உங்கள் முதலாளிக்கும் இதே தெரிவுகள் இருக்கின்றன: காசு கொடுக்கலாம், அல்லது உங்களுக்குச் சம்பள நேரத்தில் திருத்த அனுமதி தரலாம். இரண்டும் முடியாதென்றால் வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி: பண்பாக நடப்பது நல்ல பழக்கம்தான், சரி. ஆனால் இதை ஏன் பாதுகாப்புப் பிரச்சினை என்கிறார்கள்? கொஞ்சம் மிகைப்படுத்தல் போல இருக்கிறது.

மிகைப்படுத்தல் இல்லை தங்கச்சி. எக்ஸ்இசெட் கதையைக் கேளுங்கள். லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடும் கணினிகளில் பரவலாக இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி அது. பல ஆண்டுகளாக லாசே கொலின் என்ற ஒருவரே சம்பளமில்லாமல் பார்த்துவந்தார். 2022இல் திட்டத்தின் மின்னஞ்சல் பட்டியலில் சில கணக்குகள் அவரை நச்சரிக்கத் தொடங்கின. வேலை நகரவில்லை, உங்களுக்கு அக்கறை போய்விட்டது, வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்ற தொனியில். தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் அவர் பகிரங்கமாகவே எழுதினார். அதற்குப் பிறகும் விடவில்லை.

அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் மிகவும் பணிவாகப் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிக்கொண்டிருந்தார். படிப்படியாகப் பராமரிப்பு அதிகாரம் அவருக்குப் போனது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. பின்கதவு என்றால் கள்ளமாக உள்ளே நுழைய வழி; இங்கே, தொலைவிலிருந்து கணினியில் வேலை செய்ய உதவும் எஸ்எஸ்எச் வழியாக. அண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள உருவாக்குநர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி பிந்துவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. நச்சரித்த அந்தக் கணக்குகள் போலியானவை என்றே பரவலாக நம்பப்படுகிறது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் போலிக் கணக்குகள் எழுதியதை அன்று யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பராமரிப்பாளரை அப்படித் திட்டுவது அவ்வளவு வழமையாகிவிட்டது. ஆகவே தாக்குபவர் தனியாக வேடம் போடத் தேவைப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜியா டான் பண்பாகத்தான் பேசினார். பேச்சு இனிமையாக இருக்கிறது என்பதற்காகச் சாவியைக் கொடுத்துவிட முடியாது.

சுன்னாகத்திலிருந்து: லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லோரையும் கிழித்துத்தானே லினக்ஸை வளர்த்தார்? பண்பு பண்பு என்று இருந்தால் தரம் விழுந்துவிடாதா?

2018 செப்டெம்பரில் அவரே தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுக் கொஞ்சக் காலம் ஒதுங்கியிருந்தார். லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் 4.19 வெளியீட்டை இன்னொரு பராமரிப்பாளரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் முடித்துக்கொடுத்தார். அதே நேரத்தில் கேர்னலுக்குப் புதிய நடத்தை விதிகளும் வந்தன. அடுத்த மாதமே லினஸ் திரும்பிவிட்டார். பயனர் நிரல்களை உடைக்கும் மாற்றத்தை ஏற்கமாட்டோம் என்ற அவருடைய பிடிவாதம் இன்றும் அப்படியே இருக்கிறது. "இந்த மாற்றம் பழைய நிரல்களை உடைக்கிறது, ஏற்கமுடியாது" என்று சொல்ல எந்தக் கெட்ட வார்த்தையும் தேவையில்லை. நிரலைக் கிழியுங்கள், எழுதியவரை விடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: "எனக்கும் இதே பிழை" என்று கீழே எழுதினால் அதுவும் தொல்லையா?

ஆம். 2016 ஜனவரியில் பராமரிப்பாளர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப்புக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இதுவும் ஒரு முறைப்பாடு. மார்ச்சில் கட்டைவிரல் குறி வந்தது. அதை அழுத்திவிட்டுப் போங்கள். உங்களிடம் புதிய தகவல் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: என் ஆங்கிலம் அவ்வளவு சரியில்லை. "டியர் சேர், கைண்ட்லி" என்று ஒரு பந்தி எழுதி, சட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்தி அனுப்பலாமா?

மொழியைத் திருத்தலாம். பிழையைக் கண்டுபிடிக்கும் வேலையை அதனிடம் விடவேண்டாம். இணையம் வழியே தரவு அனுப்பிப் பெறும் கேர்ல் என்ற கருவியின் திட்டத்தில் டேனியல் ஸ்டென்பெர்க்கும் குழுவினரும், இல்லாத பாதுகாப்பு ஓட்டையை அழகான ஆங்கிலத்தில் விவரிக்கும், செயற்கை நுண்ணறிவு எழுதிய அறிக்கைகளால் களைத்து, பிழைக்குப் பரிசு தரும் ஏற்பாட்டையே 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். உடைந்த ஆங்கிலத்தில் எழுதிய நாலு வரியை எவரும் கோவிக்கமாட்டார்கள். "டியர் சேர்" தேவையில்லை. எங்கள் ஆட்கள் பாதிப் பந்தியை அதற்கே செலவழித்துவிட்டுப் பதிப்பு எண்ணை எழுத மறந்துவிடுகிறார்கள்!

மானிப்பாயிலிருந்து: பராமரிப்பாளரே என்னைக் கேவலமாகப் பேசினால்? அப்போதும் நான்தான் பணிந்துபோக வேண்டுமா?

இல்லை. திட்டத்தில் நடத்தை விதிகள் இருந்தால், அதில் முறையிட ஒரு முகவரி இருக்கும். இணைப்போடும் திகதியோடும் அங்கே எழுதுங்கள். உங்கள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அவருடைய இஷ்யூப் பக்கத்தை நிரப்பவேண்டாம். 2020 ஜனவரியில் ரஸ்ட் மொழியின் அக்டிக்ஸ்-வெப் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். நிரலில் பாதுகாப்பற்ற பகுதிகள் இருந்தன என்ற விமர்சனத்தில் நியாயம் இருந்தது. அதன் பராமரிப்பாளர் ஒரு பேட்ச்சை மறுத்த விதமும் சரியில்லை. ஆனால் கூட்டமாகச் சேர்ந்து திட்டியதில் அவர் திட்டத்தையே விட்டுப்போனார். பிறகு இன்னொருவர் பொறுப்பெடுக்க வேண்டியதாயிற்று.

முறையிட்டும் பயனில்லை என்றால் போர்க் எடுங்கள், அதாவது நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக நடத்துங்கள். உரிமம் உங்களுக்கு அதைத் தருகிறது. 2010இல் ஓபின்ஒபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து லிப்ரேஒபிஸ் பிரிந்தது அப்படித்தான். ஆனால் எடுப்பதற்கு முன் ஒன்றைக் கணக்குப் பாருங்கள்: அடுத்த நாளிலிருந்து "வேலை செய்யவில்லை, உடனே திருத்தவும்" என்ற இஷ்யூக்கள் உங்களுக்குத்தான் வரும். பதில் சொல்ல நேரம் இருக்கிறதா?