கண்ணுருட்டும் கடிகாரம் வாங்கலாமா?

வாசகர் கேள்வி: முள்ளே இல்லாதது, முகம்போல் கண்ணுருட்டுவது என விசித்திரமான மெக்கானிக்கல் கைக்கடிகாரங்கள்மீது எனக்கு நெடுநாள் ஆசை. பிறர் பயன்படுத்திய ஒன்றை வாங்க நினைக்கிறேன். பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய முடியுமா?

பதில்: கடிகாரத்தைச் செய்தவர் தமது புதுமையை எந்தப் பாகத்தில் செய்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. விலை பேசும் முன் இதை அறிந்துகொள்ளுங்கள்.

ரஷ்யக் கடிகாரக் கலைஞர் கான்ஸ்டன்டின் சாய்கின் 2017இல் வெளியிட்ட ஜோக்கர் என்ற கடிகாரத்தில் ஒரு கண் மணியையும் மற்றொன்று நிமிடத்தையும் காட்ட, நாக்கு நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டுகிறது. ஆனால் உள்ளே ஓடுவது, மணிக்கு 28,800 முறை துடிக்கும் ஈடிஏ 2824-2 என்ற சுவிஸ் இயந்திரம். பழுதுபார்ப்போர் பலருக்கும் கைபழகிய அதன்மேல் சாய்கின் தமது பல்சக்கர அடுக்கைப் பொருத்தியிருப்பதால், அந்த அடுக்கைக் கழற்றி மாட்டும்போதுதான் கூடுதல் நிதானம் தேவை.

எனாமல் டயலும் இப்படித்தான். செப்புத் தகட்டில் கண்ணாடித் தூளைத் தூவி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் பலமுறை சுட்டெடுக்கும் அந்த முகப்புக்குப் பின்னால் சாதாரண இயந்திரமே இருக்கலாம். ஆனால் கீழே விழுந்து விரிசல் கண்ட எனாமலைச் சுவடு தெரியாமல் சரிசெய்வது மிகக் கடினம். ஆகவே டயலைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, நடுத்துளையைச் சுற்றியும் ஓரங்களிலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தாலும் வாங்க வேண்டாம்.

புதுமை, இயந்திரத்தின் இதயத்திலேயே செய்யப்பட்டிருந்தால் நிலைமை வேறு. 2001இல் யுலிஸ் நார்டின் என்ற சுவிஸ் நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீக் கடிகாரத்தில் தனியாக முள் கிடையாது. இயந்திரமே சுழன்று நிமிடத்தைக் காட்டுகிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி நேரம் வைக்கிறோம். பின்மூடியைத் திருப்பிச் சாவி கொடுக்கிறோம். அதை உருவாக்கிய லுட்விக் ஓக்ஸ்லின், இயந்திரத்தின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கும் எஸ்கேப் சக்கரங்களைச் சிலிக்கானில் செய்தார். காந்தத்தால் பாதிக்கப்படாத, எடை குறைந்த அருமையான பொருள் அது. ஆனால் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய உலோகச் சுருள்வில் கோணினால் ட்வீசரால் நிமிர்த்த முடிவதுபோல் சிலிக்கானை வளைக்க முடியாது. அழுத்தினால் கண்ணாடிபோல் உடைந்துவிடும். பிறகு தயாரிப்பாளர் தரும் மாற்றுப் பாகம் ஒன்றே வழி. இத்தகைய கடிகாரத்தை உள்ளூரில் திறக்கவே கொடுக்காதீர்கள்.

நுண்குழாயில் நகரும் வண்ணத் திரவத்தால் மணி காட்டும் எச்ஒய்டி கடிகாரங்களுக்கும் இது பொருந்தும். 2012இல் வந்த அந்த நிறுவனம் 2021இல் திவாலாகி, பின்னர் புதியவர்கள் கையில் மீண்டும் தொடங்கியது. பாகத்துக்குத் தயாரிப்பாளரை மட்டுமே நம்பும் கடிகாரத்தில் இந்த அபாயத்தையும் விலையில் கணக்கிட வேண்டும்.

முதல் கடிகாரம் என்பதால், பழகிய இயந்திரத்தின்மேல் கலை செய்யப்பட்டதையே நான் பரிந்துரைப்பேன். மனம் ஃப்ரீக்கில்தான் நிற்கிறது என்றால், பணம் கொடுக்கும் முன் அதன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, அந்த மாடலை இன்னும் சர்வீஸ் செய்கிறார்களா, எவ்வளவு செலவாகும், எத்தனை மாதமாகும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.