ஆர்கேட் வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்கில் டியூப் மாட்டினால் ஏன் சட்டென்று வேலை செய்கிறது?

ஜாய்ஸ்டிக் கம்பியின் அடியில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் உருளைதான் ஆக்சுவேட்டர். கம்பியைச் சாய்த்தால், சுற்றிலுமுள்ள 4 மைக்ரோ சுவிட்சுகளை அதுதான் தட்டும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூபை அதன்மேல் மாட்டிச் சூடு காட்டினால் இறுகிப் பிடித்து, உருளை சற்றே பருக்கும். சுவிட்சுக்கும் அதற்குமான இடைவெளி குறைவதால் லேசாக அசைத்தாலே 'டிக்'. சைக்கிள் பிரேக் கட்டையை ரிம்முக்கு நெருக்கி வைப்பது மாதிரி.

உருளையைக் கழற்ற, அடியிலுள்ள ஈ-கிளிப்பை (E வடிவ உலோகக் கிளிப்) ஸ்க்ரூடிரைவரால் நெம்புங்கள். விரலால் மூடிக்கொள்ளுங்கள், தெறித்தால் கட்டிலுக்கடியில்தான் தேட வேண்டும். தனியே வைத்து மிதமாகச் சூடாக்குங்கள், உருளையும் பிளாஸ்டிக்தானே. பேராசையில் அடுக்கடுக்காக ஏற்றினால் கம்பி நடுவில் நிற்கும்போதே சுவிட்ச் அழுந்தி, திரையில் ஆள் தானாக நடப்பான்!

கடினமான ஸ்பிரிங் போட்டாலும் இதே பலன் என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பி நடுவுக்குத் திரும்புவதைத்தான் விரைவாக்கும், இடைவெளியைக் குறைக்காது.