மின்னணு கேம் டிரைவ் உள்ள பேக்கிங் இயந்திரத்தில் அப்சொல்யூட் என்கோடர் பொருத்தினால், மின்தடைக்குப் பிறகு ஹோமிங் (இயந்திரத்தை நகர்த்தித் தொடக்க நிலையைக் கண்டறிதல்) செய்யத் தேவையில்லையா?

பெரும்பாலும் தேவையில்லை, ஆனால் என்கோடர் எந்த ஷாஃப்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது உண்மையாகும். அப்சொல்யூட் என்கோடர் என்பது மின்சாரம் போய் வந்தாலும் ஷாஃப்டின் கோணத்தை உடனே சொல்லும் உணரி. மின்னணு கேம் டிரைவில், மாஸ்டர் எனும் முதன்மை அச்சின் கோணத்தைப் பின்பற்றி, ஸ்லேவ் எனும் மோட்டார் மென்பொருளில் உள்ள கேம் அட்டவணைப்படி நகர்கிறது. நாகர்கோவில் வட்டாரத்தில் ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிப்பருப்பும் பையிலிடும் இயந்திரங்களைப் பராமரிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் பாதிச் சுற்றில் நின்றுபோவது இங்கே எவருக்கும் புதிதன்று.

பலர் ஸ்லேவ் மோட்டாரில் மட்டும் அப்சொல்யூட் என்கோடர் இருந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். கேம் அட்டவணை, மாஸ்டரின் ஒவ்வொரு கோணத்துக்கும் ஸ்லேவ் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அதைத் தலைகீழாகப் படிக்க முடியாது. பையை ஒட்டி மூடும் சீலிங் ஜா ஒரு சுற்றில் ஒரு முறை மூடித் திறப்பதால், பாதி மூடிய நிலையை அது இரண்டு முறை கடக்கிறது. மின்சாரம் திரும்பியதும் ஜா பாதியில் நிற்பது தெரிந்தாலும், அது மூடிக்கொண்டிருந்ததா, திறந்துகொண்டிருந்ததா என்பது தெரியாது. ஆகவே மாஸ்டரின் நிலையை முதலில் அறிந்து, அட்டவணைப்படி ஸ்லேவ் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு, அதை அங்கே மெதுவாக நகர்த்திய பிறகே கேமை இணைக்க வேண்டும். மாஸ்டர் வெறும் மென்பொருள் அச்சாக இருந்தால் என்கோடர் பொருத்த ஷாஃப்டே இல்லை. அப்போது அதன் கோணத்தைப் பிஎல்சியின் (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியின்) அழியா நினைவகத்தில் சேமிக்க வேண்டியிருக்கும்.

மாஸ்டர் ஷாஃப்டில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நேரடியாகப் பொருத்துவதானால் ஒரு சுற்றுக்குள் உள்ள கோணத்தை மட்டும் சொல்லும் சிங்கிள் டர்ன் என்கோடரே போதும். சுற்றுகளையும் எண்ணும், விலை அதிகமான மல்டி டர்ன் வகையை வாங்கி மோட்டார் பக்கம் மாட்டுவதில்தான் சிக்கல் இருக்கிறது. 4096 சுற்று வரை எண்ணும் என்கோடரும் மோட்டாரின் பத்துச் சுற்றுக்கு மாஸ்டர் ஷாஃப்டை ஒரு சுற்று சுற்றும் 10:1 கியர்பாக்ஸும் இருப்பதாகக் கொள்வோம். எண்ணிக்கை நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும்போது மாஸ்டர் ஷாஃப்ட் 409.6 சுற்று சுற்றியிருக்கும், அந்த 0.6 சுற்று, அதாவது 216 பாகை, கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு பை என நிமிடத்துக்கு 60 பை போடும் இயந்திரத்தில் ஏழு நிமிடத்துக்குள் இது நேர்ந்துவிடும். ஓடும்போது கண்ட்ரோலர் வித்தியாசத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவதால் எதுவும் தெரியாது. மின்தடைக்குப் பின் இயக்கும்போதுதான் ஜா தவறான கோணத்தில் இறங்கும். சில டிரைவ்களில் சுற்று எண்ணிக்கையின் உச்ச வரம்பைக் கியர் விகிதத்தின் மடங்காக அமைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அது இல்லையெனில், எத்தனை முறை எண்ணிக்கை நிரம்பியது என்பதையும் பிஎல்சியில் சேமித்தாக வேண்டும்.

பிட் எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. அதே 60 பை வேகத்தில், 12 பிட் என்கோடரை (ஒரு சுற்றுக்கு 4096 படி) ஒரு மில்லி வினாடிக்கு ஒருமுறை படித்தால் ஒவ்வொரு முறையும் 4 படி கிடைக்கும், இடையிடையே 5 கிடைக்கும். மாஸ்டர் சீராகச் சுழன்றாலும் வேகம் 25 சதவீதம் துள்ளியதாகவே டிரைவ் கருதும். ஸ்லேவ் மோட்டார் கரகரக்கும். 17 பிட்டில் 131 அல்லது 132 படி வருவதால் அந்தத் துள்ளல் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தகவல் வந்து சேர ஒரு மில்லி வினாடி தாமதமானால் 0.36 பாகை பின்தங்கல் உண்டு. வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடும் என்பதால், ஈடுசெய்யும் அளவைக் கோணமாக அன்றி நேரமாகக் கொடுப்பதே சரி.

பேட்டரி உள்ள மல்டி டர்ன் வகையில், பேட்டரியை டிரைவின் கண்ட்ரோல் மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள். இல்லையேல் சுற்று எண்ணிக்கை அழிந்துவிடும். என்கோடரை ஷாஃப்டுடன் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி மாட்டினால் எந்த வகையானாலும் சுழியக் கோணத்தை மீண்டும் அமைத்தாக வேண்டும்.