பணம் பத்திரமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். வயது 63. கைக்கு வந்த 14 லட்சத்தையும் ஒரே கூட்டுறவு வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்து எஃப்.டி. போட்டிருக்கிறேன். மற்ற வங்கிகளைவிட ஒரு சதவீதம் வட்டி அதிகம். ஒவ்வொரு கிளையிலும் 5 லட்சத்துக்குள்தான். வங்கிக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் முழுக்கக் கிடைக்கும்தானே?
– வாசகர், சயான் கோலிவாடா

பதில்: கிடைக்காது. உடனே கவனியுங்கள். டெபாசிட் காப்பீட்டில் கிளைக் கணக்கே கிடையாது. ஒரே பெயரில், ஒரே வங்கியில், எத்தனை கிளையில் இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். உங்கள் 9 லட்சத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அதற்கு ஈடாகக் கூடுதலாகக் கிடைப்பது வருஷத்துக்கு 14,000 ரூபாய். இது கட்டுப்படியாகாது.

2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, முதலில் எடுக்க அனுமதித்தது 1,000 ரூபாய். காப்பீடும் அப்போது 1 லட்சம்தான். 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சமானது. 2022 ஜனவரியில் அந்த வங்கி இன்னொன்றோடு இணைக்கப்பட்டபோது, பெரிய தொகை போட்டிருந்தவர்களுக்கு 10 வருஷம் வரை தவணை.

2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தடை வந்த நாளில் இருந்து 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை வந்தாக வேண்டும். இணைப்பு பேச்சு நடந்தால் இன்னும் 90 நாள் தள்ளிப்போகலாம். அதுவரை வாடகை, மருந்துச் செலவுக்கு வேறு வங்கியில் ஆறு மாதப் பணம் தனியாக இருக்கட்டும். கே.ஒய்.சி. (வங்கியில் கொடுத்த அடையாள, முகவரி விவரம்) பழசாக இருந்தாலோ, ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரெழுத்து வேறாக இருந்தாலோ பணம் வருவது இழுத்தடிக்கும். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் தொல்லை: ஒன்றில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து பின்னால். இப்போதே திருத்துங்கள். அந்த வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

செய்ய வேண்டியது: எல்லா ரசீதையும் எடுத்து முதிர்வுத் தேதியைப் பாருங்கள். ‘ஆட்டோ ரினியூவல்’ (முடிந்ததும் தானாகவே மறுபடி டெபாசிட் ஆவது) என்று இருந்தால் எழுதிக் கொடுத்து ரத்து செய்யுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முடிவது முடியட்டும். தூரத்தில் இருப்பதை, அபராத வட்டி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, உடைத்து எடுங்கள். அங்கே 4,60,000-க்கு மேல் வைக்காதீர்கள். 8% வட்டியில், காலாண்டுக்கொரு முறை கூட்டினால், ஒரு வருஷத்தில் அது 4,97,900-ஐத் தொடும். மீதியில் ஒரு பகுதியைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 60 வயது தாண்டியவர் 30 லட்சம் வரை போடலாம், 5 வருஷம், வட்டி மூன்று மாதத்துக்கொரு முறை, அரசு உத்தரவாதம். ஒரு வருஷத்துக்குள் மூடினால் வட்டியே இல்லை என்பதால் அவசரப் பணத்தை அதில் போடாதீர்கள்.

கணவன் – மனைவி கூட்டுக் கணக்கு தனி நபர் கணக்கோடு சேராது, அதற்குத் தனி 5 லட்சம். பெயர் வரிசை மாறினால் அதுவும் தனி. ஆனால் சொந்தக் கடையின் பெயரில் உள்ள கரன்ட் அக்கவுன்ட் உங்கள் கணக்கோடு சேர்ந்துவிடும்.

கேள்வி: அப்பாவின் டெபாசிட்டுக்கு நான் மட்டும் நாமினி. பணம் எனக்குத்தானே?
– வாசகர், செம்பூர்

பதில்: வங்கி உங்கள் கையில் கொடுக்கும், அவ்வளவுதான். சொந்தம் வாரிசுகள் எல்லோருக்கும். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று நாமினி போடலாம். ஆனாலும் உரிமையைத் தீர்மானிக்க உயில்தான் வேண்டும். அப்பா நன்றாக இருக்கும்போதே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தாராவியில் இட்லிக் கடை. பத்பேடி ஏஜென்ட் தினமும் வந்து 200 ரூபாய் வாங்கி, மெஷினில் ரசீது தருகிறார். இதற்கு 5 லட்சம் காப்பீடு உண்டா?
– வாசகி, தாராவி

பதில்: இல்லை, அம்மா. பத்பேடி என்பது கூட்டுறவுக் கடன் சங்கம். பெயர்ப்பலகை எப்படி இருந்தாலும் ரிசர்வ் வங்கி உரிமம் இல்லையென்றால் டெபாசிட் காப்பீடும் இல்லை. கடைவாசலுக்கே வந்து வாங்குவது உங்களுக்கு எவ்வளவு வசதி என்று புரிகிறது. மாவரைத்து, கடை திறந்து, வங்கி வரிசையில் வேறு நிற்க முடியாது. ஆகவே தினசரி கட்டுவதை விட வேண்டாம், தேங்க விடாதீர்கள். 200 வீதம் 30 நாளில் 6,000 சேர்ந்ததும் எடுத்துத் தபால் நிலைய ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) கட்டுங்கள். எடுக்க வரும்போது ‘வருஷம் முடியணும்’ என்று சொன்னால், எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். மெஷின் ரசீதின் மை சீக்கிரம் அழிந்துவிடும். வாரம் ஒருமுறை பாஸ்புக்கில் பதிந்து முத்திரை வாங்கிவிடுங்கள்.