15 வி.ஆர். கேம்களில் ஐந்தை எப்படித் தெரிவது?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் கணினிக் கழகம் இளையோருக்கு வி.ஆர். (மெய்நிகர் உலகம்) கேம் போட்டி வைக்கிறது. 15 கேம்கள் வந்துவிட்டன. நடுவர்கள் மூவர், கண்ணை மூடி மாட்டும் வி.ஆர். ஹெட்செட் இரண்டு. இறுதிச் சுற்றுக்கு ஐந்து வேண்டும். வீடியோவைப் பார்த்தே கழிக்கலாமா? பேஸ்புக் லைக்கையும் சேர்க்கலாமா?

பதில்: வீடியோவைப் பார்த்துக் கழிக்க வேண்டாம், தங்கச்சி. முன்பு நான் நடுவராக இருந்த ஒரு போட்டிக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் கேம் ஒன்று வந்தது. வீடியோவில் சாம்பல் நிறக் கிணற்றுக்கட்டும் ஒரு வாளியும்தான். ஹெட்செட்டை மாட்டிக் கயிற்றைப் பிடித்ததும் கையிலிருந்த கன்ட்ரோலர் மெல்ல அதிர்ந்தது. வாளி நிறைய நிறைய அதிர்வும் கூடியது. தண்ணீர் தளும்பாமல் வாளியைக் கட்டில் வைக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதுதான் முதலாவது.

சரி, மூவரும் எல்லாவற்றையும் விளையாட நேரம் காணாது. ஒரு கேமை இருவர் விளையாடட்டும். 15 நிமிடம் விளையாட்டு, 5 நிமிடம் குறிப்பெழுதவும் ஹெட்செட் துடைக்கவும். மொத்தம் 30 ஆட்டம், 5 மணித்தியாலம். அதை இரண்டு காலைகளாகப் பிரியுங்கள். எந்நேரமும் ஒருவர் ஓய்வில் இருப்பார். அது நல்லது, ஓங்காளத்தோடு விளையாடுகிறவர் அடுத்த கேமுக்கு நியாயம் செய்யமாட்டார். தான் படிப்பித்த பிள்ளையின் கேம் எந்த நடுவர் கைக்கும் போகக்கூடாது.

புள்ளி போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். ஒருவரின் 8 இன்னொருவரின் 6. ஆளுக்கு வரும் 10 கேமையும் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இருவருமே முதல் ஐந்துக்குள் வைத்தது உள்ளே, இருவருமே கீழே வைத்தது வெளியே. ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றால் மூன்றாமவர் விளையாடித் தீர்க்கட்டும். அப்புறமும் ஐந்துக்கு மேல் மிஞ்சினால் கூடியிருந்து பேசுங்கள்.

விளையாடும்போது முதலில் உடம்பைக் கேளுங்கள். பொதுவாக ஹெட்செட் செக்கனுக்கு 72 அல்லது 90 படம் காட்டும். 72 என்றால் ஒரு படத்துக்கு 14 மில்லிசெக்கன்கூட இல்லை. கேம் ஈடுகொடுக்காவிட்டால் தலையைத் திருப்பும்போது உலகம் பின்னால் இழுபடும். எதிரே ஒரு தூணைப் பார்த்துத் தலையை இடம் வலம் வேகமாக ஆட்டுங்கள். தூண் நடுங்கினால் குறித்துவையுங்கள். ஜாய்ஸ்டிக்கால் நடக்கும்போது கண் நகர்கிறது என்கிறது, உட்காது நிற்கிறேன் என்கிறது, தலைச்சுற்று அதனால்தான். இடம்விட்டு இடம் தாவும் வசதியோ, நடக்கையில் பார்வையின் ஓரத்தை இருட்டாக்கும் வசதியோ வைத்திருக்கிறார்களா? பழகியவருக்கு இந்தத் தலைச்சுற்று தெரியாது, ஆகவே ஒரு நடுவராவது வி.ஆருக்குப் புதியவராக இருக்கட்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இருந்தபடி விளையாட முடியுமா? ஒரு கையால் முடியுமா? போரில் கை, கால் இழந்தவர்கள் வாழும் மண் வன்னி. ஒவ்வொரு கேமையும் ஐந்து நிமிடமாவது கதிரையில் இருந்து, ஒரு கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். அந்தக் கிணற்றுக் கேமில், ஒற்றைக் கையால் இழுத்து விட்டாலும் கயிறு நழுவாமல் நின்றது. அதைச் செய்த பிள்ளை அதையும் யோசித்திருந்தாள்.

லைக்கைச் சேர்த்தால் கனடாவில் சொந்தம் கூடிய பிள்ளை வென்றுவிடும். உலகக் கேம்களுக்குக் கொடுக்கும் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதிலேயே நடுவர் வாக்குக்கு 90 சதவீதம், மக்கள் வாக்குக்கு 10 தான். வேண்டுமென்றால் இறுதி நாளில் மக்கள் விருது என்று தனியாகக் கொடுங்கள்.

அறைச் சுவர் வெறும் வெள்ளையாக இருந்தால் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹெட்செட் கேமரா தடுமாறும், இரண்டு கலண்டர் மாட்டுங்கள். ஜன்னலோரம் ஹெட்செட்டை வைக்கவே வேண்டாம். நம் வெயில் லென்ஸ் வழியே குவிந்து திரையைச் சுட்டுவிடும், அந்தக் கறை பிறகு போகாது.