மேலே ட்ரோன் இருக்கிறது, கீழே கப்பல் எங்கே?

கேள்வி: மத்தியதரைக் கடலில் அகதிப் படகுகளை ஐரோப்பிய ஒன்றியம் ட்ரோன் வைத்துக் கண்காணிப்பதை உரிமை மீறல் என்று எழுதியிருந்தீர்கள். கண்காணித்தால்தானே மூழ்கும் படகைக் காப்பாற்ற முடியும்? நல்ல தொழில்நுட்பத்தை ஏன் திட்டுகிறீர்கள்?

பதில்: காப்பாற்றத்தான் என்றால் நானே கைதட்டியிருப்பேன். படகைப் பார்த்த பிறகு யாரை அனுப்புகிறார்கள் என்பதில்தான் என் கோபம் எல்லாம்.

2013 அக்டோபரில் லாம்பெடூசா தீவுக்கருகே ஒரே படகில் 360 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அப்புறம் இத்தாலி தன் கடற்படையை இறக்கி, ஒரே வருடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை மீட்டது. மனம் வைத்தால் முடிகிறது, பாருங்கள். ஆனால் அதை ஒரு வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒன்றியமே நடத்திய கடல் நடவடிக்கையிலும் 2019 மார்ச்சில் கப்பல்களை விலக்கிக்கொண்டு விமானங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரன்டெக்ஸ், 2021 மே முதல் மால்டாவிலிருந்து ஹெரான் ட்ரோனைப் பறக்கவிடுகிறது.

கப்பல் என்றால் கடல் சட்டப்படி தத்தளிப்பவர்களை ஏற்றியே ஆக வேண்டும், ஏற்றிவிட்டால் அவர்களை, பல படகுகள் கிளம்பும் வட ஆப்பிரிக்க நாடான லிபியாவில் கொண்டுபோய் இறக்கவும் முடியாது, ஏனென்றால் 2009-இல் இத்தாலி அப்படித் திருப்பிக் கொண்டுபோய் விட்டது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. ட்ரோனில் யாரை ஏற்ற முடியும்? அதில் நின்றுகொண்டு 'எனக்குத் தஞ்சம் கொடுங்கள்' என்று யார் கேட்க முடியும்? படகு எங்கே நிற்கிறது என்ற தகவல் மட்டும் போகிறது. பல சமயம் அந்தத் தகவலை வைத்து லிபியக் கடலோரக் காவல்படை வந்து எல்லாரையும் பிடித்துக்கொண்டு போய்த் தடுப்பு முகாமில் அடைக்கிறது. அந்த முகாம்களில் நடக்கும் சித்திரவதையும் பாலியல் வன்முறையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று நம்ப இடமிருக்கிறது என ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2023 மார்ச்சில் சொன்னது. எதிலிருந்து தப்பி வந்தார்களோ அதற்குள்ளேயே திரும்பவும் தள்ளப்படுகிறார்கள், அதற்கு வழிகாட்டியது ஐரோப்பாவின் கேமரா.

உயிரைக் காக்கத்தான் தகவல் தருகிறோம் என்கிறது ஃப்ரன்டெக்ஸ். சில படகுகளுக்கு அதனால் உதவி கிடைத்ததும் உண்மைதான், மறுக்கவில்லை.

சரி, ஐரோப்பியக் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்ட படகாவது தப்பியதா? 2023 பிப்ரவரி 25 இரவு, துருக்கியிலிருந்து வந்த ஒரு மரப்படகை ஃப்ரன்டெக்ஸ் விமானம் பார்த்தது. மேல்தளத்தில் தெரிந்தது ஒரே ஆள், ஆனால் உள்ளே நிறையப் பேர் இருக்கலாம் என்று வெப்பக் கேமரா காட்டிக்கொடுத்தது. இத்தாலிக்குத் தகவலும் போய்ச் சேர்ந்தது. போலீஸ் வேலைக்கான படகுகள் கிளம்பி, கடல் மோசமாக இருக்கிறதென்று திரும்பிவிட்டன. மீட்புப் படகு கிளம்பவே இல்லை. விடிவதற்குள் இத்தாலியின் குத்ரோ கடற்கரைக்கு மிக அருகில் அந்த மரப்படகு உடைந்து, குழந்தைகள் உட்பட 94 பேராவது இறந்தார்கள். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

ட்ரோன் பார்க்கும் ஒவ்வொரு படகுக்கும் மீட்புக் கப்பல் போகும், ஏற்றியவர்களைப் பாதுகாப்பான கரையில்தான் இறக்குவோம் என்று ஒன்றியம் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த இதழிலேயே என் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.