வினாகிரிக்கு 11 பவுண் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவன். மனைவி பிலிப்பைன்ஸின் லெகாஸ்பி நகரைச் சேர்ந்தவர். மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார். பெரும்பாலும் இரவு வேலை. அதனால் சமையல் என் பொறுப்பு. பிள்ளைகளுக்குத் தாயின் ஊர்ச் சாப்பாடும் பழக வேண்டும் என்று வினாகிரியில் இறைச்சி வேகும் அதோபோ, புளிப்புச் சூப்பான சினிகாங் இரண்டையும் சமைத்துப் பார்க்கிறேன். அதோபோவில் வினாகிரி பச்சையாக அடிக்கிறது என்கிறார் மனைவி. சினிகாங்கை ரசம் என்கிறார். வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர், ஊரிலிருந்து பெட்டியில் வரவழைத்ததாகச் சொல்லி வினாகிரி, சினிகாங்குக்கான புளிப்புப் பொடி, லொங்கனிசா என்ற பன்றியிறைச்சிச் சொசேஜ் எல்லாம் விற்கிறார். வினாகிரி மட்டும் போத்தல் 11 பவுண். அதை வாங்கினால்தான் சுவை வருமா? அடுத்த மாதம் மாமி வருகிறார். அவருக்கு லாயிங் என்ற சேம்பிலைக் கறி சமைத்துக் கொடுக்கவும் ஆசை.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மனைவி சொல்லும் பச்சை வாடைக்கும் போத்தலுக்கும் சம்பந்தமில்லை. அடுப்பருகே உங்கள் கை சும்மா இருப்பதில்லை என்பதே காரணமாக இருக்கும். கறியைப் பிரட்டிப் பிரட்டிப் பழகியவர்கள் நாம். அதோபோவுக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

1 கிலோ கோழித் தொடைக்கு அரைக் கோப்பை வினாகிரி, மூன்றிலொரு கோப்பை சோயா சோஸ், நசுக்கிய வெள்ளைப்பூண்டு ஒரு முழுப்பூண்டு, முழு மிளகு ஒரு தேக்கரண்டி, பே இலை மூன்று, தண்ணீர் ஒரு கோப்பை. எல்லாவற்றையும் சட்டியில் போட்டு மூடாமல் அடுப்பில் வையுங்கள். கொதி வந்து, மூக்கைக் குத்தும் நெடி ஆவியோடு போய்த் தீரும்வரை கரண்டியைத் தொடாதீர்கள். பிலிப்பைன்ஸ் வீடுகளில் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி இது. நெடி அடங்கிய பிறகு பிரட்டலாம், மூடலாம், தீயைக் குறைத்து இறைச்சி மெத்தென்று ஆகும்வரை விடலாம். சோயா சோஸில் கறுப்பு, இனிப்பு வகையை எடுக்காதீர்கள்; உப்பான சாதாரண வகையே பொருந்தும். பே இலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கடைகளில் பிரியாணிக்கென்று விற்கும் நீள இலையில் கறுவா வாசம் வரும். அது வேறு மரம். சூப்பர்மார்க்கெட்டில் சிறிய டப்பாவில் கிடைக்கும் ஐரோப்பிய பே இலைதான் வேண்டும்.

இனி வினாகிரி. பிலிப்பைன்ஸில் கரும்பிலும் நிப்பா பனையிலும் தென்னங்கள்ளிலும் வினாகிரி செய்கிறார்கள். உங்கள் மனைவியின் பிகோல் பகுதி தென்னை நாடு. அங்கே கள்ளைப் புளிக்கவிட்டு எடுக்கும் வினாகிரிக்கும், இலங்கையிலிருந்து வந்து நம் தமிழ்க் கடைகளின் கீழ்த்தட்டில் தூசி படிந்து நிற்கும் தென்னை வினாகிரிக்கும் மூலப்பொருள் ஒன்றே. அதை வாங்குங்கள். விலை அந்த 11 பவுணுக்குக் கிட்டவும் வராது. சேர்பொருள் பட்டியலை மட்டும் வாசியுங்கள். அசெற்றிக் அமிலமும் தண்ணீரும் என்று எழுதியிருந்தால் அது செயற்கை வினாகிரி, வைத்துவிடுங்கள். ஆங்கிலேயர் சிப்ஸுக்கு ஊற்றும் மோல்ட் வினாகிரியும் வேண்டாம். வாற்கோதுமை வாசம் குழம்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

அந்த வாட்ஸ்அப் வியாபாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த நாட்டில் உணவைத் தொழிலாக விற்பவர் எவரும், வீட்டுச் சமையலறையில் இருந்து விற்றாலும், தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும். பதிவு இலவசம். இலவசமாக இருந்தும் பதியாதவரிடம், பெட்டி எந்த மாதம் வந்தது, போத்தல் எங்கே நிரப்பப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராது. பெரிய கொள்கலனில் மலிவாக வாங்கியதைச் சிறு போத்தல்களில் ஊற்றி, கையெழுத்துச் சீட்டு ஒட்டி, ஊர்ச் சரக்கு என்று விற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். திகதி முடிந்த பொடிப் பைகளின் மேல் புதுச் சீட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தூர நாட்டில் இருப்பவனின் ஊர் ஏக்கத்தை எடைபோட்டு விற்கிற வேலை இது. எனக்கு இதில் பொறுமை இல்லை.

பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சமையலில் சோயா இருக்கிறது, சோயா சோஸில் கோதுமை இருக்கிறது, பகோங் என்ற புளித்த உப்புக் கூழில் இறால் இருக்கிறது, கரே-கரே என்ற குழம்பில் நிலக்கடலை இருக்கிறது. பிரித்தானியச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும் என்று வைத்திருக்கும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் இவை எல்லாம் அடக்கம். இணையத்திலோ தொலைபேசியிலோ விற்றாலும், வாங்குமுன் ஒருமுறையும் பொருள் கையில் சேரும்போது ஒருமுறையும் அந்த விபரம் தரப்பட வேண்டும். சீட்டில்லாத போத்தலைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி? இப்படி ஒரு விற்பனையைப் பற்றி நான் ஒரு மன்றத்துக்கு எழுதினேன். வந்தது ஒரு குறிப்பு எண். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒழுங்காகப் பதிந்து கடை நடத்துபவரின் குளிர்ப்பெட்டி வெப்பநிலையைக் குறிப்பேட்டோடு வந்து சோதிப்பார்கள். பதியாதவரைத் தேடிப் போக அவர்களிடம் ஆள் இல்லை. விதி நல்ல விதி. அதைக் கேட்பாரற்று விட்டவர்கள்மேல்தான் என் கோபம்.

சினிகாங் ரசமானதற்குக் காரணம் உங்கள் புளி. நம் கடையில் கட்டியாக விற்பது பழுத்த பழப்புளி. கறுப்பு நிறம், உள்ளே ஓர் இனிப்பு. சினிகாங்குக்குப் போடுவது பச்சைப் புளியங்காய். அவித்து, மசித்து, வடித்து ஊற்றுவார்கள். நீர் வெளுப்பாகவும் புளிப்பு கூர்மையாகவும் இருக்கும். புளியங்காய் கிடைக்கவில்லையென்றால் புளிமாங்காய் போடுங்கள். பிலிப்பைன்ஸிலேயே மாங்காய் சினிகாங் வழக்கத்தில் உள்ளதுதான். மாற்று என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. கேரளக் கடையில் உறையவைத்த பிலிம்பிக்காய் கண்டால் விடாதீர்கள். பிலிப்பைன்ஸில் அதற்குக் கமியாஸ் என்று பெயர். அதுவும் சினிகாங்குக்கு உரியது.

புளிப்பை எப்போது சேர்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலிலேயே ஊற்றினால் முள்ளங்கியும் சேம்பங்கிழங்கும் லேசில் வேகாது. புளிப்பு காய்கறியை இறுக்கிவிடும். அரிசி இரண்டாம் முறை கழுவிய தண்ணீரில் பன்றி விலாவெலும்பை வெங்காயம், தக்காளியோடு போட்டு வேகவிடுங்கள். இறைச்சி பாதி வெந்ததும் சேம்பங்கிழங்கு. அது கரைந்து நீரைச் சற்றுத் தடிப்பாக்கும். பிறகு முள்ளங்கி, பயித்தங்காய், கத்தரிக்காய். எல்லாம் மெத்தென்று ஆனபின் புளிப்பு, உப்புக்கு மீன் சோஸ், காரத்துக்கு நீளப் பச்சை மிளகாய் இரண்டு முழுதாக. அடுப்பை நிறுத்துமுன் கங்குன் கீரை. மீன் சோஸ் பிலிப்பைன்ஸ் பதீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்லாந்துச் சோஸ் போதும். இந்தக் காய்களெல்லாம் உங்கள் தெருமுனைத் தமிழ்க் கடையில் இருப்பவை. கோழி, இஞ்சி, பச்சைப் பப்பாளியோடு தினோலா என்ற சூப் வைக்க வேண்டுமென்றால் அதற்குரிய முருங்கையிலையும் அங்கேயே இருக்கிறது.

புளிப்புப் பொடிப் பை தப்பா என்றால், இல்லை. இரவு வேலைக் குடும்பத்துக்கு அது உதவி. மனிலாவிலும் பல வீடுகளில் அதைத்தான் போடுகிறார்கள். கடையில், அச்சிட்ட திகதியோடு வாங்குங்கள். அதில் உப்பு நிறைய இருக்கும். மீன் சோஸைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எதற்கும் பிலிப்பைன்ஸ் கடை தேவைப்படவில்லை. லாயிங்குக்கு மட்டும் அங்கே போங்கள். அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்யப்போகும் தவறு எனக்குத் தெரிகிறது. லாயிங் என்பது தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலை. நம் கடையிலும் குஜராத்திக் கடையிலும் பச்சைச் சேம்பிலை கட்டுக்கட்டாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். வேண்டாம். சேம்பிலைக்குள் கல்சியம் ஒக்ஸலேற்றுப் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரித்து, மேசையில் இருப்பவர்கள் தண்ணீர் தேடுவார்கள். பிகோல்காரர்கள் இலையை உலர்த்திவிட்டுச் சமைப்பது வழக்கம். அந்த உலர்ந்த இலை பிலிப்பைன்ஸ் மளிகைக் கடைகளில் பையில் கிடைக்கும். மாமிக்கு முதல்முறை வைக்கும்போது பச்சை இலையில் பரீட்சை வேண்டாம்.

100 கிராம் இலைக்கு நிறையப் பால் பிடிக்கும். சட்டியில் இரண்டாம் பாலை ஊற்றி, இஞ்சி, வெள்ளைப்பூண்டு, வெங்காயம், சிறு துண்டுகளாக வெட்டிய பன்றி வயிற்றிறைச்சி, பகோங் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் கொதி வந்ததும் இலையை மேலே பரப்புங்கள். கிளறாதீர்கள். இலை தானாகப் பாலை உறிஞ்சி அமிழட்டும். கரண்டியின் பின்புறத்தால் அழுத்திவிட்டால் போதும். கிளறினால் அரிக்கும் என்பது அங்கத்தைய நம்பிக்கை. எப்படியானாலும் மெல்லிய தீயில் முக்கால் மணிநேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. கடைசியில் முதற்பாலும் மிளகாயும். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்போது இறக்குங்கள். முதற்பால், இரண்டாம் பால் என்று பிரித்துக் கையாளும் முறை யாழ்ப்பாணத்தில் உள்ளதுபோலத்தான் பிகோலிலும் இருக்கிறது. இது உங்கள் கைக்குப் பழகிய வேலை. தகரப் பாலில் பெரும்பாலும் பிரியாமல் இருக்க நிலைப்படுத்திகள் சேர்த்திருப்பார்கள், அதில் எண்ணெய் பிரியாது. ஃப்ரீசரில் இருக்கும் தேங்காய்ப்பூவை வாங்கி வெந்நீர் விட்டுப் பிழியுங்கள். பகோங்குக்குப் பதிலாக மலேசியக் காய்ந்த இறால் கட்டியான பெலாச்சானைப் போடாதீர்கள்; ஈரப் பகோங்கே வேண்டும், அதே கடையில் முத்திரை உடையாத போத்தலில் வாங்குங்கள்.

லொங்கனிசாவை யாரிடமும் வாங்காதீர்கள், மாமியும் கொண்டுவர வேண்டாம் என்று அவர் பெட்டி கட்டுமுன் சொல்லிவிடுங்கள். பிலிப்பைன்ஸிலிருந்து பயணப் பெட்டியில் இறைச்சி எதையும் பிரித்தானியாவுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. பிலிப்பைன்ஸில் 2019இலிருந்து ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பதப்படுத்திய இறைச்சியிலும் அந்தக் கிருமி நீண்டகாலம் உயிரோடிருக்கும். இங்குள்ள பன்றிகளுக்குப் போய்ச் சேர்ந்தால் பண்ணையே அழியும். ஆகவே "ஊர் லொங்கனிசா" என்று லண்டனில் ஒருவர் விற்றால், ஒன்று அது கள்ளமாக வந்தது, அல்லது ஊரிலிருந்து வந்ததே அல்ல. மாமியின் பகுதியில் கினோபதான் லொங்கனிசா பேர்போனது என்பதால் கொண்டுவர ஆசைப்படுவார். வந்தபின் அவரையே கேட்டுச் செய்யலாம்: பன்றிக் கொத்திறைச்சி, நிறைய வெள்ளைப்பூண்டு, வினாகிரி, மிளகு, உப்பு, கொஞ்சம் சீனி பிசைந்து, குடல் உறை இல்லாமல் விரல் நீளத்துக்கு உருட்டி, ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்துப் பொரிப்பது. உறையில்லாத வகை அங்கேயும் உண்டு.

சோற்றுக்குப் புழுங்கலரிசியும் பாஸ்மதியும் வேண்டாம். லேசாக ஒட்டும் மல்லிகை (ஜாஸ்மின்) அரிசி எடுங்கள். வேலை முடிந்து காலையில் வருகிறவருக்குப் பழைய சோற்றை வெள்ளைப்பூண்டோடு பொரித்த சினாங்காக், முட்டை, லொங்கனிசா கொடுக்க நினைத்தால், முதல்நாள் சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஒரு மணிநேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். 24 மணிநேரம் தாண்டினால் எறிந்துவிடுங்கள். அதோபோவை முதல்நாளே வைக்கலாம், மறுநாள் சுவை கூடும். வினாகிரி இருக்கிறது, வெளியே வைத்தாலும் கெடாது என்று மாமி சொல்லக்கூடும். நீங்கள் ஊற்றும் வினாகிரி அளவுக்கு அது பொருந்தாது. ஆறியதும் அதையும் உள்ளே வையுங்கள்.